அப்பா ரிப்போர்ட்ல இருந்த அந்த 78

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்த ரெண்டாவது நாள் ராத்திரி. ஐசியூ வாசல்ல உக்காந்து ஃபோன்ல வந்த பிளட் ரிப்போர்ட்டை வரி வரியா பார்த்துட்டு இருந்தேன். ஸ்டென்ட் வெச்சாச்சு, டாக்டரும் "இப்ப பரவால்லம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆனா சிஆர்பின்னு, உடம்புல அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருந்தா ரத்தத்துல ஏறற ஒரு புரதத்தோட வரியில 78னு தடிச்ச எழுத்துல போட்டு பக்கத்துல மேல பார்த்து ஒரு அம்புக்குறி. உடனே நெட்ல தேடினேன். 1க்கு கீழ இருந்தா இதய நோய் ஆபத்து கம்மி, 1லேர்ந்து 3 நடுத்தரம், 3க்கு மேல போனா ஆபத்து அதிகம்னு இருந்துச்சு. 3க்கே அப்படின்னா 78க்கு என்னன்னு யோசிச்சதுமே வயித்தைப் பிசைய ஆரம்பிச்சிடுச்சு, அதுல அழற்சி அதிகமா இருக்கறவங்க பிழைக்கிற வாய்ப்பு குறைவுங்கற மாதிரி ஒரு ஆராய்ச்சித் தலைப்பு வேற கண்ணுல பட்டுச்சு, பக்கத்துல சாஞ்சு தூங்கிட்டு இருந்த அம்மாவை எழுப்பி சொல்லவும் மனசு வரல, விடியற வரைக்கும் அந்த நம்பரையே பார்த்துட்டு இருந்தேன்.

அந்த மாதிரி ஒரு நாற்காலியில இப்ப உக்காந்திருக்கற யாருக்காவது இது உதவட்டும்னுதான் எழுதறேன்.

முதல்ல, நான் பண்ண தப்பு. அந்த 1, 3 கணக்கு அட்டாக் வந்து படுத்திருக்கறவங்களுக்கானது இல்ல. காய்ச்சல், காயம் எதுவும் இல்லாம சாதாரணமா நடமாடற ஒருத்தருக்கு, ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பின்னு ரொம்ப நுணுக்கமா எடுக்கற டெஸ்ட்டுக்கான அளவு அது. ரெண்டும் ஒரே புரதம், ஒரே யூனிட், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னுதான் ரெண்டுலயும் போட்டிருக்கும், அதனாலதான் குழம்பிப் போறோம். அட்டாக் வந்தவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல இது பத்து, அம்பதுன்னு ஏறறது சகஜம், பெரிய அட்டாக்னா நூறையும் தாண்டும்.

ஏன் ஏறுதுன்னு மறுநாள் காலைல டியூட்டி டாக்டர் பொறுமையா சொன்னாங்க. ரத்தம் போகாம இதயத் தசையில ஒரு பகுதி செத்துப் போகுது, அதைச் சுத்தம் பண்ண முதல்ல நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு கூட்டமா ஓடி வருது, அடுத்து மேக்ரோஃபேஜ் வந்து செத்த தசையை விழுங்கி, அப்புறம் அந்த இடத்துல தழும்பு உருவாகி கெட்டியாகணும். இந்த வேலை நடக்கறப்ப இன்டர்லூகின் 6ங்கற ஒரு சிக்னல் கல்லீரலுக்குப் போகுது, கல்லீரல் சிஆர்பியை உற்பத்தி பண்ணித் தள்ளுது. சிஆர்பிக்கு அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம், அதாவது சிக்னல் நின்னுட்டா கிட்டத்தட்ட ஒரு நாளைக்குள்ள பாதியாயிடும். "அதனால ஒரு நாள் நம்பரை வெச்சு பயப்படாதீங்கம்மா, இறங்குதான்னு பாருங்க, மூணு நாலு நாள் கழிச்சும் ஏறிட்டே போச்சுன்னா நாங்களே கவலைப்படுவோம், எங்கயாவது இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னு தேடுவோம்"னாங்க. அப்பாவுக்கு அஞ்சாவது நாள் 24க்கு வந்துச்சு.

இந்த அழற்சி வெறும் எதிரி இல்லைங்கறது எனக்குப் புதுசு. அது இல்லைன்னா தழும்பே ஒழுங்கா உருவாகாது. அட்டாக் வந்தவங்களுக்கு ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையை நாமளா வாங்கிக் குடுக்கக் கூடாதுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், அதோட அந்த மாத்திரைகளால ரத்தக்கசிவும் மறுபடி அட்டாக் வர்ற ஆபத்தும் கூடும். தயவுசெஞ்சு இதை மட்டும் மறந்துடாதீங்க.

அப்ப அந்த ஆராய்ச்சித் தலைப்பு பொய்யா? பொய் இல்ல. சிஆர்பி ரொம்ப உயர ஏறினவங்க கூட்டத்துல இறப்பும் ஹார்ட் ஃபெயிலியரும் அதிகம்னு பல ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்ங்கற இன்னொரு வெள்ளை அணுவால வகுத்து வர்ற விகிதமும் அதே கதைதான், உடம்பு பெரிய அதிர்ச்சியில இருக்கறப்ப கார்ட்டிசால் ஏறி லிம்ஃபோசைட் குறையுது, நியூட்ரோஃபில் கூடுது. அப்பாவுக்கு 82ம் 10ம், வகுத்தா 8.2, அதுக்கும் தனியா ஒரு மணி நேரம் பயந்தேன். ஆனா தசை எவ்ளோ செத்திருக்கோ அவ்ளோ அழற்சிங்கறதால, இந்த நம்பர் பெரும்பாலும் சேதத்தோட அளவைத்தான் வேற வார்த்தையில சொல்லுது. ஆபத்தைக் கணிக்க டாக்டர்கள் பயன்படுத்தற கிரேஸ் ஸ்கோர்ல வயசு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரக நிலையைச் சொல்ற கிரியாட்டினின், இசிஜி மாற்றம், ட்ரோபோனின் மாதிரி இதயத் தசை சேதத்தைக் காட்டற புரதம், வந்தப்ப இதயம் நின்னுச்சாங்கறது, கில்லிப் வகுப்புன்னு எட்டு விஷயம் இருக்கு. சிஆர்பி அதுல இல்லவே இல்ல.

இந்த கில்லிப் வகுப்பு என்னன்னு தெரிஞ்சப்ப எனக்கு மனசு உருகிடுச்சு. தினமும் காலைல டாக்டர் வந்து அப்பாவை முன்னாடி சாய்ச்சு உக்கார வெச்சு, முதுகுல கீழ்ப்பக்கம் ஸ்டெத்தை வெச்சு "நல்லா மூச்சை இழுங்கய்யா"ன்னு சொல்லி கண்ணை மூடிக் கேப்பாரு, அது சும்மா ஒரு வழக்கம்னு நினைச்சிருந்தேன். நுரையீரல்ல தண்ணி கோத்து மொறுமொறுன்னு சத்தம் வருதான்னு பார்க்கறதுதான் அது. 1967ல கில்லிப், கிம்பல்னு ரெண்டு டாக்டர்கள் 250 நோயாளிகளை இப்படிப் பிரிச்சுப் பார்த்தப்ப, சத்தமே இல்லாதவங்கள்ல இறந்தவங்க 6 சதவீதம், ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போனவங்கள்ல 81 சதவீதம். ஸ்டென்ட் எல்லாம் வராத காலம் அது, இப்ப நிலைமை எவ்வளவோ மேல், ஆனா அந்த வரிசை இன்னும் மாறல. நான் ராத்திரி பூரா ஃபோன்ல தேடின பதில்ல பாதி அப்பா முதுகுல ஸ்டெத் வெச்ச அந்த ஒரு நிமிஷத்துல இருந்திருக்கு.

சரி, அழற்சியைக் குறைச்சா பிழைக்கிறவங்க கூடுவாங்களா? 2017ல வந்த கான்டாஸ் ஆய்வுல, ஏற்கனவே அட்டாக் வந்து சிஆர்பி 2க்கு மேலயே நின்ன 10,061 பேரை எடுத்து ஒரு பகுதிப் பேருக்கு டம்மி ஊசியும், மத்தவங்களுக்கு அழற்சியைக் குறைக்கற கனாகினுமாப்னு ஒரு மருந்தும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டாங்க. கொலஸ்ட்ரால் இறங்கல, ஆனா நடு டோஸ்ல மறுபடி அட்டாக், ஸ்ட்ரோக், இதய மரணம் சேர்த்து 15 சதவீதம் குறைஞ்சுது. அழற்சியை மட்டும் தொட்டாலே பலன் இருக்குன்னு அப்பதான் உறுதியாச்சு. அதே சமயம் இன்ஃபெக்‌ஷன்ல இறந்தவங்க கொஞ்சம் அதிகம், மொத்த இறப்புல வித்தியாசமே இல்ல. மூட்டு வாதத்துக்குக் குடுக்கற மெத்தோட்ரெக்சேட் பலன் தரல. கவுட்ங்கற மூட்டு வலி நோய்க்குக் குடுக்கற கால்ச்சிசின் 2019ல ஒரு ஆய்வுல நல்லா வேலை செஞ்சுது, 2024ல அதைவிடப் பெரிய ஆய்வுல செய்யல. இது இன்னும் முடியாத விஷயம், யாராவது வாட்ஸ்அப்ல மாத்திரை பேர் அனுப்பினா டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

அப்பாவுக்கு ஆறாவது வாரம் ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி எடுக்கச் சொன்னாங்க, புண்ணெல்லாம் ஆறினப்புறம் அடியில எவ்ளோ அழற்சி தங்கியிருக்குன்னு பார்க்க. நாங்க போன அன்னைக்கு அப்பா தும்மிட்டே இருந்தாரு, லேப்ல இருந்த பொண்ணு ஊசியைக் கையில எடுத்துட்டு "ஐயாவுக்கு சளியா?"ன்னு கேட்டுட்டு அப்படியே கீழ வெச்சிடுச்சு. சளி இருந்தா நம்பர் ஏறித்தான் வரும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சுப் போனோம், 1.4 வந்துச்சு. இந்தத் தடவை அதை அம்மாகிட்ட நானே படிச்சுக் காட்டினேன்.