கல்லுக்கேத்த கலவை

ஜனவரி 8

குளியலறைச் சுவரில் ஒரு டைல்ஸ் விழுந்துவிட்டது. உடையாமல் முழுசாக விழுந்ததால் திருப்பிப் பார்க்க முடிந்தது. கழுவித் துடைத்த தட்டு மாதிரி பின்பக்கம் அத்தனை சுத்தம், ஒரு பொட்டுச் சிமெண்ட் கூட ஒட்டியிருக்கவில்லை. சுவரிலோ ஐந்து கலவை உருண்டைகள், நான்கு மூலையிலும் நடுவிலும், அப்படியே குத்திட்டு நிற்கின்றன. மீதி இடமெல்லாம் வெற்று. பக்கத்து டைல்ஸ்களைத் தட்டினால் பாதிக்கு மேல் டொக் டொக் என்கிறது.

கலவையில் சிமெண்ட் போதவில்லை என்றார் மாமா. "சிமெண்டுல கஞ்சத்தனம் பண்ணினா இப்படித்தான் மாப்பிள்ளை." அந்த உருண்டையை ஆணியால் கீறிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. சிமெண்ட் நிறையவே போட்டிருக்கிறார்கள். கோளாறு வேறு இடத்தில். சிமெண்ட் ஒரு பரப்பைப் பிடிப்பது பெரும்பாலும் அதன் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகுவதால்தான். விழுந்தது விட்ரிஃபைடு டைல்ஸ், கண்ணாடி மாதிரி இறுகச் சுட்டது; தன் எடையில் 0.5 சதவீதம் தண்ணீர் கூடக் குடிக்காது. பழைய செராமிக் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கும். அதற்குச் சரியாக இருந்த கலவை இதற்கு எப்படி நிற்கும்?

குளியலறையோடு பின்பக்கச் சுவர், நடைபாதை, வாசல் படி எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று முடிவு. நான்கு வேலைக்கும் ஒரே கலவை கிடையாது என்பதை மாமாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கப்போகிறது.

ஜனவரி 11

மணல் வந்தது. பார்க்க அழகாக இருந்தாலும் கண்ணாடி ஜாடியில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பாதி மணல், மேலே கொஞ்சம் உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் மூன்று மணி நேரம். மணல் அடியில் தங்கியது, அதன் மேல் மெல்லிய பழுப்பு வரியாக வண்டல். 100 மில்லி மணலுக்கு 8 மில்லிக்கு மேல் வண்டல் நின்றால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இதில் அந்த அளவு வரவில்லை.

இன்னொன்று, ஈர மணலின் பொய். லேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு பொடியையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் நின்று பொடிகளைத் தள்ளி வைக்கும். மணல் உப்பிக்கொள்ளும். ஒரு வாளி நிறைய ஈர மணலை அள்ளி, தண்ணீர் ஊற்றி நிரப்பிக் குத்திவிட்டால் மட்டம் சட்டென்று இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 25 சதவீதம் உப்பியிருந்தால், ஆறு பெட்டி மணல் என்று போட்டது உண்மையில் ஐந்து பெட்டிக்கும் குறைவு. முழுக்கக் காய்ந்த மணலும், தண்ணீரில் முழுக்க மூழ்கிய மணலும் பொய் சொல்லாது. நடுவில் இருப்பதுதான் ஏமாற்றும்.

50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். அந்தக் கொள்ளளவில் ஒரு பெட்டி அடிக்கச் சொன்னேன். பாண்டுச் சட்டியில் அள்ளும் கணக்கு வேண்டாம். ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் தலை தட்டி அள்ளுவார்.

ஜனவரி 14

பின்சுவர். பழைய செங்கல், நகத்தால் கீறினால் பொடி உதிரும் ரகம். இடையில் இருப்பது சுண்ணாம்புக் காரை. நடுவில் யாரோ ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் கெட்டிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அங்கே கலவை அப்படியே நிற்க, அதை ஒட்டிய செங்கல்கள் முகம் உரிந்து குழியாகிவிட்டன. சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழி தேடும். இணைப்பு அடைத்துக்கொண்டால் செங்கல் வழியாகத்தான் வரும், வரும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து முகத்தைப் பிய்க்கும்.

மாமாவும் கூடவே நின்றதால் காட்டிச் சொல்ல வசதியாக இருந்தது. சுவர் அசையாமல் இருக்காது. வெயிலுக்கு விரியும், இரவில் சுருங்கும், அஸ்திவாரம் கொஞ்சம் உட்காரும். அப்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். கலவை செங்கல்லைவிட மென்மையாக இருந்தால் இணைப்பில் மயிரிழை விரிசல் விழும், சுரண்டிவிட்டுப் பூசிக்கொள்ளலாம். கலவை கெட்டியாக இருந்தால் செங்கல்லே உடையும். அதை எப்படிச் சரிசெய்வது?

அமெரிக்கத் தரநிலையில் கட்டுக் கலவைக்கு எம், எஸ், என், ஓ என்று வகைகள் உண்டு. 28 நாளில் எம் வகை 17.2 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும், எஸ் 12.4, என் 5.2, ஓ வெறும் 2.4. எம் உசத்தி, ஓ மட்டம் என்று இதை வாசிக்கக்கூடாது. மண்ணைத் தாங்கும் சுவருக்கு எம் பொருந்தும். இந்தப் பழைய சுவருக்கு ஓ பக்கம்தான் போக வேண்டும்.

மேஸ்திரி தயங்காமல் ஒத்துக்கொண்டார். "பழசுக்குப் பழசு மாதிரியே பூசணும் சார்." சிதைந்த இணைப்புகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, தூசு தட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பும் மணலும் சேர்த்த காரையை இரண்டு தடவையாக அழுத்தி அடைத்தார்கள். புதிதாக உயர்த்தும் பகுதிக்குப் புதுச் செங்கல். அதற்கு 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல். வெறும் 1:6 சிமெண்ட் கலவை கரணையில் சரசரவென்று உதிரும். சுண்ணாம்பு சேர்ந்தால் வெண்ணெய் போல இழுக்க வரும், தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜனவரி 15

செங்கல் நனைப்பதில் ஒரு சின்ன வாக்குவாதம். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. அதற்காகத் தொட்டியிலிருந்து எடுத்துச் சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கி மிதக்கும். நனைத்து, மேல் ஈரம் வாடியபின் வைப்பதுதான் சரி. இணைப்பு 10 மில்லிமீட்டர், செங்கல்லின் குழி மேல் நோக்கி. காலையில் குழைத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் தெளித்து மறுபடி கிளறப்போன பையனை மேஸ்திரியே தடுத்தார். இறுக ஆரம்பித்த கலவையைக் கிளறினால் இளகுமே தவிர பிடிக்காது. அந்தச் சட்டியைக் கொட்டச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 17

சாக்கு போர்த்தித் தண்ணீர் விடுகிறோம். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 24

டைல்ஸ் பசை வாங்கப் போனால் மூட்டை மூட்டையாக ஒரே மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் பொடியாக அச்சடித்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும். சி என்றால் சிமெண்ட் பசை. சி1 சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும், சி2 அதைப்போல இரண்டு மடங்கு. கூட டி இருந்தால் சுவரில் வைத்த டைல்ஸ் கீழே வழுக்காது. ஈ இருந்தால் பரப்பியபின் டைல்ஸ் வைக்கக் கூடுதல் அவகாசம், 20 நிமிடத்துக்குப் பதில் 30. எஸ்1 என்பது வளையும் தன்மை: காய்ந்த பசைப் பட்டை 2.5 மில்லியாவது வளைந்து கொடுக்கும்.

குளியலறைச் சுவருக்குப் பெரிய அளவு விட்ரிஃபைடு என்பதால் சி2 டிஈ எடுத்தேன். வெயிலும் மழையும் படும் வாசல் படிக்கு எஸ்1 சேர்ந்தது. குளியலறைக்கும் எஸ்1 எடுத்தால் தப்பில்லை, தேவைதான் இல்லை.

ஜனவரி 27

பழைய பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, நீர்க்காப்புப் பூச்சும் அடித்துக் காய்ந்தாயிற்று. இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சாய்த்து வைத்து அடியில் வெளிச்சம் பார்த்தோம். 3 மில்லிக்கு மேல் இடைவெளி தெரிந்த இரண்டு இடங்களை மட்டும் நிரவிவிட்டார்கள். சுவரின் பள்ளத்தைப் பசையாலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் உருண்டை வைக்கும் பழக்கமே வருகிறது.

ஜனவரி 28

இன்று முழுக்க அங்கேயே நின்றேன்.

முதலில் வாளியில் அளந்த தண்ணீர், அப்புறம்தான் பொடி. டிரில்லில் துடுப்பு மாட்டி மெதுவாகக் கலக்கி, பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி ஒரு சுற்று. அந்த இடைவெளியில்தான் பசையில் இருக்கும் பாலிமர் கரைகிறது. பொறுமையில்லாத பையன் அதற்குள் கரணையைத் தூக்கிவிட்டான்.

சுவரில் பசையைக் கரணையின் தட்டைப் பக்கத்தால் அழுத்தித் தேய்த்து, அதன் மேல் பல் வெட்டிய ஓரத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் கோடு இழுக்க வேண்டும். வட்ட வட்டமாக இழுத்தால் கோடுகளுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், எவ்வளவு தட்டினாலும் போகாது. கோடுகள் டைல்ஸின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருந்தால் காற்று வெளியேற வேண்டிய தூரம் குறைவு. டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சு. வைத்தபின் கோட்டுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் லேசாக அசைத்து அழுத்தினால் கோடுகள் சரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மூன்றாவது டைல்ஸை வைத்ததும் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். மேஸ்திரிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சப்பென்று ஒரு சத்தத்தோடு வந்தது. முதுகு முழுக்கச் சாம்பல் பசை, மேல் மூலையில் மட்டும் மூன்று கோடுகள் நசுங்காமல் வரிவரியாக நின்றன. ஈரம் படும் இடத்தில் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும் என்பது கணக்கு. காய்ந்த அறைக்குள் 80 போதும். அந்த மூலைக்கு அவரே கரணையை மாற்றிப் பெரிய பல் எடுத்தார். அதற்கு அப்புறம் கேட்காமலேயே அவ்வப்போது ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டார்.

பரப்பிய பசையை விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் மேலே ஆடை கட்டிவிட்டது, சுரண்டிப் போட வேண்டியதுதான். இன்று ஒரு முறை அப்படிச் சுரண்டினார்கள். மாமா அதைப் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 30

டைல்ஸ் இடைவெளிகளை அடைக்கக் கிரவுட் என்ற சிமெண்ட் கலவை. சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தரையும் சேரும் இடம் இரண்டையும் விட்டுவிடச் சொன்னேன். அங்கே ரப்பர் மாதிரி இழுபடும் சிலிக்கோன். இரண்டு பரப்பும் தனித்தனியாக அசையும், கிரவுட் போட்டால் வெடிக்கும்.

பிப்ரவரி 3

வாசல் படிக்கு வெளிர் நிறக் கல். சாம்பல் பசை போட்டால் கல் வழியாகக் கறை ஊறி மேலே வரும் என்பதால் வெள்ளைப் பசை. படிக்கட்டு ஏற்கெனவே கான்கிரீட் என்பதால் அடிப்படை உறுதி. கல்லின் முதுகைக் கழுவித் தூசு எடுக்காமல் ஒட்டவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் வடிய மீட்டருக்கு 15 மில்லி வாட்டம்.

பிப்ரவரி 6

நடைபாதைக்குப் பேவர் பிளாக். இங்கே கலவையே கிடையாது என்றதும் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடியில் இடித்து இறுக்கிய சல்லி, அதன் மேல் 30 மில்லி கரகர மணல், அதன் மேல் பிளாக். இரு பக்கமும் ஓரக்கல்லுக்கு மட்டும் கான்கிரீட், இல்லாவிட்டால் பிளாக் எல்லாம் பக்கவாட்டில் நழுவும். சல்லிப் படுகை கொஞ்சம் கொஞ்சம் அசையும். மேலே இருப்பதும் கூடவே அசைந்தால் விரிசலுக்கு இடமில்லை. இதற்கு நடுவில் கெட்டிச் சிமெண்டை ஊற்றி இணைப்பை அடைத்தால், ஒரு மழைக்காலத்துக்குள் துண்டு துண்டாகப் பெயரும். பெயர்ந்த துண்டுகளுக்கு அடியில் தண்ணீர் தங்கி மணலை இழுத்துக்கொண்டு போகும்.

"அப்போ மேலேயாவது கொஞ்சம் சிமெண்ட் பால்?" என்றார் மாமா. மேஸ்திரி சிரித்துவிட்டார்.

காய்ந்த பொடி மணலைக் கொட்டி, துடைப்பத்தால் இடைவெளிகளில் கூட்டிவிட்டு, அதிர்வு இயந்திரத்தை ஓட்டினார்கள். மணல் இறங்கியது, மறுபடி கூட்டினார்கள். நடக்க நடக்க இன்னும் இறங்கும் என்பதால் ஒரு மூட்டை மணலை நனையாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.