100 கிலோமீட்டர் உயரம், 14 நாள் கெடு

புதுச்சேரியில் வண்டியை எடுத்தால் ஈசிஆரில் மாமல்லபுரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அந்தச் சாலையை அப்படியே நிமிர்த்தி நிறுத்தினால் அதன் மறுமுனை விண்வெளியின் வாசலான 'கார்மன் கோடு' என்ற எல்லையைத் தொடும்.

சப்ஆர்பிட்டல் பயணம் அந்த வாசல் வரை போய், சில நிமிடம் எடையில்லாமல் மிதந்து, திரும்பி விழுவது. பூமியைச் சுற்றுவதில்லை. ஒரு கிலோ எடையை 100 கி.மீ. தூக்க 1 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே கிலோவை 400 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் சுற்றவிட 33 மெகாஜூல் வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் பலர் இதைப் பணக்காரர்களின் ராட்டினம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆற்றல் குறைவு என்பதால்தான் அரசுப் பணமில்லாமல் ஒருவர் இதில் இறங்க முடிந்தது. ஒரே வண்டியைத் திரும்பத் திரும்பப் பறக்கவிட முடிந்தது.

அரசுப் பணமில்லாமல் விண்வெளிக்குப் போகும் வண்டிக்கு அறிவித்த 1 கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசின் நிபந்தனையைப் பாருங்கள். மூன்று பேர் எடையோடு 100 கி.மீ. தாண்ட வேண்டும், அதே வண்டி 14 நாளுக்குள் மறுபடியும் தாண்ட வேண்டும். என்னைக் கேட்டால் உயரத்தைவிடக் கடினம் அந்த இரண்டாவது நிபந்தனைதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் பணம் போட, விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வடிவமைத்த ஸ்பேஸ்ஷிப்ஒன், 2004 செப்டம்பர் 29-லும் அக்டோபர் 4-லும் பறந்து பரிசை வென்றது.

அதன் எஞ்சின் ஹைப்ரிட் வகை. எரிபொருள் ரப்பர், அதை எரிய வைப்பது நைட்ரஸ் ஆக்சைடு, ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்குக் கொடுக்கும் அதே வாயு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் டேங்கில் அழுத்தித் திரவமாக அடைத்திருக்கும் இந்த வாயு 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவமாக இருக்காது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 780 கிராம் இருப்பது, அந்த வரம்பில் 450 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கடலூரின் அக்னி நட்சத்திர வெயிலில் டேங்கை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்: எஞ்சினுக்குப் போகும் அளவு மாறும், உந்துவிசை கணக்கு தப்பும். அதனால் விடியற்காலையில் நிரப்ப வேண்டும், டேங்குக்கு வெப்பக்காப்பு போட வேண்டும். எவ்வளவு நிரம்பியது என்று பிரஷர் கேஜைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டு காஸ் சிலிண்டர் மாதிரிதான், எடை போட்டால்தான் தெரியும்.

இன்னொன்று சுத்தம். வால்விலோ குழாயிலோ துடைக்காமல் விட்ட கொஞ்சம் எண்ணெய்ப்பசை போதும், நைட்ரஸ் வெடித்துச் சிதற. 2007 ஜூலையில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் எஞ்சினைப் பற்றவைக்காமல், வாயுவை மட்டும் ஓடவிட்டுப் பார்த்த சோதனையில் டேங்க் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 'பற்றவைக்கவில்லையே' என்று யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

2014 அக்டோபர் 31-இல், ஸ்பேஸ்ஷிப்ஒன்னுக்கு அடுத்து வந்த ஸ்பேஸ்ஷிப்டூ சோதனைப் பறப்பின்போது வானிலேயே உடைந்தது. கீழே இறங்கும்போது தூக்க வேண்டிய வால்பகுதியின் பூட்டை, ஒலியின் வேகத்தைத் தாண்டும் முன்பே துணை விமானி திறந்துவிட்டார். மாக் 1.4-க்குப் பிறகு, அதாவது ஒலியைப்போல் 1.4 மடங்கு வேகத்துக்குப் பிறகு, திறக்க வேண்டியது அது. காற்றின் அழுத்தம் வாலைத் தானாகவே தூக்கிவிட்டது. ஒரே ஒரு மனிதத் தவறு வண்டியையே உடைக்கும் நிலையை வடிவமைப்பில் விட்டு வைத்ததைத்தான் விசாரணை அறிக்கை கண்டித்தது. எஞ்சினியரிங் படிப்பவர்கள் அந்த அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும்.

நம் பக்கம் 2022 நவம்பர் 18-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்கைரூட் என்ற தனியார் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் 89.5 கி.மீ. உயரம் போனது. 2024 மே 30-இல் சென்னையின் தனியார் நிறுவனமான அக்னிகுல், ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோடு தன் ராக்கெட்டைச் சொந்த ஏவுதளத்திலிருந்து ஏவியது. நான்கு முறை தள்ளிப்போன பிறகு நடந்த ஏவல் அது. கவுன்ட்டவுனை நிறுத்தத் தெரிவதும் ஒரு திறமை. தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் எங்கே கோளாறு என்பது ராக்கெட் கையில் இருக்கும்போதே தெரிகிறது.

புதுச்சேரி, கடலூர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: அனுமதியில்லாமல் ராக்கெட் எரிபொருளைத் தொடாதீர்கள். ராக்கெட்டில் ஏற்றும் கருவிப்பெட்டியைச் செய்யுங்கள். கடையில் கிடைக்கும் பிஎம்பி280 அழுத்த சென்சார் 300 ஹெக்டோபாஸ்கல் வரைதான் நம்பகமாக அளக்கும், அதாவது 9 கி.மீ. உயரம் வரை. அதற்கு மேல் அது தரும் எண்ணை நம்பக் கூடாது. சாதாரண ஜிபிஎஸ் சிப்களில் பல, 18 கி.மீ. தாண்டினாலோ நொடிக்கு 515 மீட்டர் வேகம் தாண்டினாலோ இடம் காட்டுவதை நிறுத்திவிடும். அதனால் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியின் பதிவுதான் கைகொடுக்கும். எஸ்டி கார்டு அதிர்வில் சாக்கெட்டை விட்டுக் கழன்றுவிடும்; சிலிக்கோன் பசை பூசி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள்.