மரியாதைன்னு சொல்லிட்டேன்

ஏலத்துக்கு வர்ற பழைய பீங்கான் சாமான் எந்தக் காலத்துதுன்னு பார்த்துச் சொல்றது என் வேலை. பழைய சீனத் தட்டு ஒண்ண எடுத்துட்டு வந்த ஒரு அங்கிளுக்கு நான் சொன்ன காலம் சரிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அடுத்ததா அவர் கேட்ட கேள்விக்கு சொன்ன பதில்தான் இன்னும் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு.

தட்டோட அடியில ரெண்டு நீல வளையம், நடுவுல ஆறு சீன எழுத்து முத்திரை, மிங் வம்சத்து ராஜா செங்ஹுவா ஆட்சியில செஞ்சதுன்னு. அதாவது 1465-1487. 2014ல ஹாங்காங் ஏலத்துல செங்ஹுவா காலத்து கோழி படம் போட்ட கிண்ணம் ஒண்ணு 28 கோடி ஹாங்காங் டாலருக்கு விலை போச்சே, அந்த நியூஸ் கட்டிங்க பர்ஸ்ல இருந்து எடுத்து மேஜை மேல வச்சார். தட்டு அவரோட பாட்டி வழியா வந்தது.

நான் முத்திரைய விட்டுட்டு முன்பக்கம் திருப்பி நீலத்தைத்தான் பார்த்தேன். செங்ஹுவா காலத்து கலர் சாமான்ல கோபால்ட் நீலம் கிளேஸுக்கு, அதாவது மேல இருக்குற கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சுக்கு, அடியில இருக்கும், மொதல்ல நீலத்துல கோடு வரைஞ்சு, கிளேஸ் போட்டு, 1300 டிகிரி பக்கம் சுட்டு எடுத்து, அப்புறம்தான் உள்ள மத்த கலர நிரப்பி கம்மி சூட்டுல திரும்ப சுடுவாங்க. இவர் தட்டுல இலைக்கு நடுவுல இருந்த நீலம் கிளேஸுக்கு மேல, விரலால தடவினா மேடு தட்டுது, சாய்ச்சுப் பார்த்தா அத சுத்தி மழைத்தண்ணியில எண்ணெய் மிதக்குற மாதிரி ஒரு மினுமினுப்பு. அந்த மேல்பூச்சு நீலம் நல்லா புழக்கத்துக்கு வந்தது மிங்குக்கு அடுத்து வந்த சிங் வம்சத்து ராஜா காங்ஷி காலத்துல, 1662-1722. பச்சைக்கு செம்பு, கத்திரிப்பூ கலருக்கு மாங்கனீஸ், சிவப்புக்கு இரும்பு எல்லாம் இருக்கு, தங்கத்துல இருந்து எடுக்குற அந்த பிங்க் மட்டும் எங்கயுமே இல்ல, அது 1720கள்லதான் பரவுச்சு. இதே ஸ்டைல 19ஆம் நூற்றாண்டுலயும் நிறைய காப்பி பண்ணாங்க, அதனால பிங்க் இல்லங்கறத மட்டும் வச்சு சொல்லிட முடியாது, அடிவளையத்த சீவின விதம், மண்ணோட நைஸ், கிளேஸ் எல்லாம் ரொம்ப நேரம் பார்த்துட்டுதான் காங்ஷின்னு சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிடுச்சு. "அப்போ அடியில எழுதினவன் பொய் எழுதினானா, கேர்ள்?"

"இல்ல அங்கிள், பழைய ராஜா காலத்து வேலை மேல இருந்த மரியாதைல அந்தப் பேர எழுதுறது அப்போ வழக்கம்."

இது நான் கண்டுபிடிச்ச பதில் இல்ல, எங்க தொழில்ல எல்லாரும் சொல்றதுதான், புத்தகங்கள்லயும் இருக்கு. அவருக்கு உடனே தெளிஞ்சிடுச்சு. "சரி, வீட்ல அப்படியே சொல்றேன்"னு துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டார், ஏலத்துக்குத் தரல.

அந்த "அப்படியே"தான் என்னை விடல. ஏன்னா மரியாதைங்கறது ஒரு காரணம்தான். 1677ல சீனாவோட பீங்கான் ஊரான ஜிங்தேஜென்ல இருந்த அதிகாரி பாத்திரத்துல நடப்பு ராஜா பேர எழுதக்கூடாதுன்னு தடை போட்டார், உடைஞ்சா ராஜா பேரு குப்பைக்குப் போகும்ல. அப்போ பழைய பேரு எழுதினது மாட்டிக்காம இருக்கறதுக்காகவும் இருக்கலாம். பழசுன்னு சொன்னா கூட விலை கிடைக்கும்னு எழுதினதும் உண்டு. அந்த ஊர்ல இருந்த பிரெஞ்சு பாதிரியார் தாந்த்ரகோல் 1712ல எழுதின கடிதத்துல, ஒரு பாத்திரம் எழுபது பேர் கை மாறுது, விளிம்புல கோடு போடறவன் வேற, பூ வரையறவன் வேற, கலர் அடிக்கறவன் வேறங்கறார். அப்படின்னா அந்த ஆறு எழுத்த எழுதினவனுக்கு அது அன்னிக்கு வந்த வேலை, அவ்வளவுதானோ என்னவோ. இதுல எத நான் "மரியாதை"ன்னு சொன்னேன்?

எங்க சீனியர்கிட்ட கேட்டேன். "காலத்த சொல்றது உன் வேலை, காரணம் அவங்க கேட்டாலும் நீ சொல்ல வேண்டியதில்ல"ன்னார். அது எனக்கு ஒத்துக்க முடியல. வயசான மனுஷன், பாட்டி சாமான கையில வச்சுக்கிட்டு கேட்கறார், மூஞ்சிய திருப்பிக்க முடியுமா? அதே சமயம், விலைக்காகவும் எழுதியிருக்கலாம் அங்கிள்னு என் வாயில வந்திருக்குமான்னா, அவர் இருந்த நிலைமைல வந்திருக்காது. இப்போ அந்த வீட்ல பேரப்பிள்ளைங்க வரைக்கும் என் ஒரு வரி உண்மையா நிக்கும். பொய் இல்ல அது. முழுசும் இல்ல.

அதுக்கப்புறம் இந்த முத்திரையோட யார் வந்தாலும் மூணு காரணத்தையும் சொல்லிடறேன். சமீபத்துல ஒரு அம்மாகிட்ட சொன்னேன், பொறுமையா கேட்டுட்டு, "இதுல எங்க கிண்ணத்துக்கு எது?"ன்னாங்க. கிண்ணத்த பார்த்து அத சொல்ல முடியாது ஆன்ட்டின்னேன். "அப்போ என் பொண்ணு கேட்டா என்ன சொல்ல?" காங்ஷி காலம்னு சொல்லுங்கன்னேன், அது அவங்களுக்குப் போதல, கிண்ணத்த பையில வைக்கும்போது கூட திரும்பத் திரும்ப கேட்டுக்கிட்டே இருந்தாங்க.