மேசையின் கீழ் இரண்டு தட்டுகள்

மே 4

நானே செய்த மேசையின் அடியில் வீணாகக் கிடக்கும் இடத்தில் இரண்டு தட்டுகள் பொருத்தலாம் என்று முடிவு செய்து, மேசையைப் பழைய போர்வையின்மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். இடது, வலது கால்களுக்கு இடையே 900 மி.மீ. இருக்கிறது. ஒரே எடையை ஏற்றும்போது பலகையின் தொய்வு அதன் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 18 மி.மீ. பலகைக்குப் பதிலாக 24 மி.மீ. பலகையைப் போட்டால் தொய்வு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். புத்தகம் அடுக்கப் போகிறவன் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மே 5

எடை முழுவதையும் திருகாணிகளின் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை. எனவே ஒவ்வொரு காலின் உட்பக்கத்திலும் 6 மி.மீ. ஆழத்தில் காடி வெட்டி, முன்காலையும் பின்காலையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களை அதில் அமர்த்தி, அவற்றின்மேல் தட்டுகளை வைப்பதாகத் திட்டம். எட்டுக் காடிகளையும் டேப்பால் அளந்து குறிக்காமல், ஒரே குச்சியில் இரண்டு கீறல் போட்டு, அதையே நான்கு கால்களிலும் நிறுத்திக் குறித்தேன். அளவு தப்பினாலும் எல்லாக் கால்களிலும் ஒன்றுபோலவே தப்பும்.

மே 11

முதல் காடி தளர்ந்துவிட்டது. கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டியதுதான் காரணம். அடுத்தவற்றில் கோட்டுக்கு உள்ளே, கழிவுப் பக்கமாக அறுத்து, மிச்சத்தை உளியால் சீவினேன். உளி கூராக இருந்தபோது தாள்போலச் சுருண்டு வந்த மரம், முனை மழுங்கியதும் பொடிப்பொடியாகப் பிய்ந்தது. தளர்ந்த காடிக்குள் மெல்லிய மரச்சீவல் ஒன்றைப் பசை தடவிச் செருகினேன். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதுவே உறுத்துகிறது.

மே 12

இன்றைய தவறு அதைவிடப் பெரியது. மேற்பலகையை ஒட்டி மட்டும் அளந்து, இரண்டு தட்டுகளையும் 900 மி.மீ. நீளத்துக்கு அறுத்துவிட்டேன். கால்கள் கீழே போகப்போகச் சற்று விரிந்திருக்கின்றன. கீழ்த்தட்டின் இடத்தில் 904 இருக்கிறது. இடைவெளியைப் பக்கத்துக்கு 2 மி.மீ. என்று பிரித்து, பலகையின் விளிம்புகளைச் சாய்வாக இழைத்துவிட்டேன். வேண்டுமென்றே விட்ட இடைவெளிபோலத் தெரிகிறது.

மே 18

சட்டங்களுக்குப் பசையும் காலுக்கு ஒரு திருகாணியும் போட்டு, நேற்றே காயவிட்டிருந்தேன். இன்று தட்டுகளைக் கீழிருந்து முடுக்கினேன். மரம் நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. ஆனால் குறுக்குவாக்கில் ஈரத்துக்கு விரிந்து, வறட்சிக்குச் சுருங்கும். தட்டு 400 மி.மீ. அகலம் என்பதால், அதை இரு ஓரத்திலும் இறுக்கிக் கட்டினால் என்றாவது வெடிக்கும். ஆகவே சட்டத்தின் முன்பக்கத்தில் வட்டத் துளையும், பின்பக்கத்தில் மூன்று துளைகளை அடுத்தடுத்துப் போட்டு அரத்தால் ஒன்றாக்கிய நீள்துளையும் வைத்தேன். நீள்துளையின் நடுவில் திருகாணியை நிறுத்தி, வாஷரைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்தேன்.

ஜூலை 20

மூன்று வாரமாக விடாத மழை. இரண்டு தட்டுகளிலும் புத்தகங்கள் நிறைந்திருக்கின்றன. டார்ச்சுடன் மேசையடியில் படுத்துப் பார்த்தேன். முன்பக்கத் திருகாணிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன; பின்பக்க வாஷர்கள் பென்சில் கோட்டைத் தாண்டி, சுமார் 2 மி.மீ. பின்னுக்கு நகர்ந்திருக்கின்றன.