ஜமக்காளக் கடையின் இணையதளத்தைத் தேடலில் வரவழைத்த அனுபவம்

பவானியில் என் சித்தப்பா நடத்தும் ஜமக்காளக் கடைக்காக, தளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓர் ஆயத்த டெம்ப்ளேட்டை (பக்க வடிவமைப்பை) வாங்கி இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் மூன்று மாதங்கள் கழிந்தும், கடையின் பெயரை எழுத்துப் பிசகாமல் தேடினால்கூட அது கூகுளில் வரவில்லை.

தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடினேன். ஒரு பக்கமும் வரவில்லை. தளம் பின்வரிசையில் இல்லை, கூகுளின் பட்டியலிலேயே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கட்டிக்கொண்டிருந்த நாட்களில், அரைகுறைத் தளம் வெளியே தெரிய வேண்டாம் என்று வேர்ட்பிரஸ் அமைப்புகளின் வாசிப்புப் பகுதியில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் நானே குறியிட்டிருந்தேன். பிறகு அதை எடுக்க மறந்துவிட்டேன். குறியை நீக்கிவிட்டு, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான செர்ச் கன்சோலில் டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) பதிந்து, உரிமையை உறுதிசெய்ய கூகுள் தந்த வரியை டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பதிவுகள் இருக்கும் இடத்தில்) சேர்த்து, தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப்பின் முகவரியைக் கொடுத்தேன். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே சைட்மேப்பை உருவாக்கிவிடுவதால் அதற்கென்று தனிச் செருகுநிரல் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) தேவைப்படவில்லை.

ஒரு வாரத்தில் பக்கங்கள் தலைகாட்டின. அவற்றில் முந்திக்கொண்டு வந்தவை, டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரிப் பக்கங்கள்! யாரென்றே தெரியாத நான்கு முகங்களுடன் 'எங்கள் குழு' என்ற பக்கம் எங்கள் கடையின் பெயரில் நின்றது. அவற்றை அழித்தேன்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. குழித்தறியில் நெய்தது, பருத்தி நூல், நீள அகலம், விலை என்று சொல்ல வேண்டிய அனைத்தையும் படங்களுக்குள்ளேயே எழுதி, முகப்பில் நகரும் பட வரிசையாக வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த அந்த எழுத்துகள், தேடுபொறி எளிதில் படிக்கக்கூடிய உரையாகப் பக்கத்தில் இல்லை. உரை என்று மிஞ்சியவை 'முகப்பு', 'மேலும் அறிய', 'தொடர்புக்கு' ஆகியவை மட்டுமே. எனவே ஒரு நாள் பிற்பகல் முழுவதும் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதையும் சித்தப்பா சொல்வதையும் அப்படியே குறித்துக்கொண்டேன். "இதையெல்லாம் எதுக்குக் கண்ணு எழுதறே, வாங்க வர்றவங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். ஆனால் சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, பந்தியில் வரிசையாக எத்தனை பேர் உட்காரலாம் என்று மக்கள் கேட்டவைதாம் தளத்தில் ஓரிடத்திலும் இல்லாதவை. அக்கேள்விகளையே துணைத் தலைப்புகளாக்கி, அவருடைய பதில்களைக் கீழே எழுதினேன். ஜமக்காளம், ஜமுக்காளம் என்று மக்கள் இருவிதமாகவும் எழுதுவதால், இயல்பாகப் பொருந்திய இடங்களில் இரண்டையும் பயன்படுத்தினேன்.

எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு இருந்ததை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அதன் பொருளைச் சொல்லும் தலைப்பும் ஓரிரு வரி விவரமும் கொடுத்தேன். படங்களின் அளவைக் குறைத்து, 'சிவப்பு பச்சைப் பட்டைகள் கொண்ட கல்யாண ஜமக்காளம்' என்பதுபோல் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி) சேர்த்தேன். பக்க முகவரிகளைத் தமிழிலேயே வைத்திருந்தேன். தேடுபொறிக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பும்போது 'பவானி' என்ற ஒரு சொல்லே குறியும் எண்ணுமாக 45 எழுத்துகளுக்கு நீண்டுவிடுகிறது. பார்ப்பவர்கள் அதைத் தொடவே அஞ்சினார்கள். ஆகவே ரோமன் எழுத்தில் குறுகிய முகவரிகளை அமைத்து, பழையவற்றைத் திறப்பவர்களைப் புதியவற்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 வழிமாற்றம் கொடுத்தேன். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்களான மெட்டா கீவேர்டுகளை நிரப்பச் சொன்ன நண்பரின் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. தரவரிசைக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே தெரிவித்துவிட்டது.

ஆறு வாரங்களுக்குப் பிறகு செர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையைத் திறந்தபோது, கடையின் பெயரல்லாமல் சொடுக்கைக் கொண்டுவந்த முதல் தேடல், ஜமக்காளத்தை எப்படித் துவைப்பது என்பதாக இருந்தது. அந்தப் பதிலில் சித்தப்பா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை. விலைப்பட்டியல் மட்டும் இன்னும் படமாகவே இருக்கிறது. இந்த வாரம் அதை அட்டவணையாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.