ஊருக்குப் போனாலும் மாத்திரை நிற்கக் கூடாது

மும்பைக்குப் பிழைக்க வருகிறவர்கள் வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குகிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் போவது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கல்யாணமாகி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த எனக்கும் ரொம்ப காலம் சயான் ஆஸ்பத்திரி ஒன்றுதான் தெரியும். பிரசவமோ எலும்பு முறிவோ, தாராவிக்காரர்கள் ஓடுவது அங்கேதான். நல்ல ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர்கள். ஆனால் கேஸ் பேப்பர் எடுத்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கி வெளியே வருவதற்குள் அன்றைய கூலி போய்விடும். ஒரு தடவை போய் வரலாம். மாதக்கணக்கில் நீளும் நோய்க்கு அப்படிப் போய் வர எந்தக் கூலிக்காரனால் முடியும்?

அந்த மாதிரி நோய்க்குக் கை கொடுப்பது தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன இடங்களும் வீடு தேடி வருகிற மனிதர்களும்தான். என் கணவருக்கு டிபி என்கிற காசநோய் வந்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். புதிதாக வந்திருக்கும் நம் ஆட்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அவர் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். இருமல் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. மழை நாளில் தாராவியில் இருமல் இல்லாத வீடு ஏது, அதனால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் சிரப்பும் ஊசியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார், சளியைப் பரிசோதிக்க ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை, இடுப்பில் நிற்காத பேண்ட். இந்தச் சமயத்தில் எங்கள் கதவைத் தட்டியவர் மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகா.

போலியோ சொட்டு மருந்துக்கும் கர்ப்பிணிகள் கணக்குக்கும் வீடு வீடாக வருவாரே, அவர்தான். மராத்திக்காரர். எங்கள் சந்தில் எல்லோரும் அவரைத் தாயி என்றுதான் கூப்பிடுவோம், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். வேறு ஏதோ கணக்கெடுக்க வந்தவர், உள்ளேயிருந்து வந்த இருமலைக் கேட்டு எத்தனை நாளாக என்றார். நான் சொன்னதும் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டு, "இரண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்ட் எடுத்தே ஆகணும், நாளைக்குக் காலையில வாங்க" என்று இந்தியில் சொல்லிப் போனார். சொன்னதோடு விடாமல் மறுநாள் வாசலில் வந்து நின்று அழைத்துக்கொண்டும் போனார்.

தாராவிக்குள்ளேயே சயான் ஆஸ்பத்திரியின் நகர்ப்புற சுகாதார மையம் ஒன்று இருக்கிறது. சோட்டா சயான் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அது போக மாநகராட்சியின் ஹெல்த் போஸ்ட் என்கிற சின்ன சுகாதார நிலையங்களும் டிஸ்பென்சரிகளும் இருக்கின்றன. 2022 கடைசியிலிருந்து ஆப்லா தவாகானா என்ற பெயரில் சின்ன சின்ன கிளினிக்குகளும் வந்திருக்கின்றன. காய்ச்சல், பிரஷர், சுகர் போன்றவற்றுக்கு நான் இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே இல்லை.

காலையில் எழுந்தவுடன் வருகிற சளிதான் டெஸ்ட்டுக்கு நல்லது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். இப்போதுள்ள மெஷின் கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் என்கிற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் காட்டிவிடும். டிபி என்று தெரிந்தால் எச்ஐவியும் சுகரும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அதைக் கேட்டு என் கணவர் முகம் சுருங்கியது. எல்லோருக்கும் பார்ப்பதுதான் என்று அங்கிருந்த நர்ஸ் பொறுமையாக விளக்கினார். அவருக்குச் சுகர் இருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் டிபி குணமாவதும் கஷ்டம், அதனால் அதற்கும் சேர்த்தே மருந்து ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. சாதாரண டிபிக்கு ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. தினமும் எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ரத்தமோ என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் கண் மஞ்சளித்தாலோ, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்ட வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்தியே ஆகவேண்டும், கல்லீரல் இரண்டையும் தாங்காது. பெண்களிடம் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கர்ப்பத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. கூச்சப்படாமல் நர்ஸிடம் கேட்டு வேறு வழி செய்துகொள்ளுங்கள்.

இதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. அத்தை போனில் ஒரே அழுகை. "அந்த இருட்டு ரூமுல கெடந்தா எப்படித் தேறுவான்? இங்க கூட்டிட்டு வந்துரு, நல்ல காத்து, ஆட்டுப்பால், நாட்டு மருந்து, எல்லாம் இருக்கு" என்றார். அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். எந்த அம்மாவுக்கும் பதறத்தான் செய்யும்.

இதை சோட்டா சயானில் இருந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சொன்ன ஒரு விஷயத்தை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. டிபி வந்தவரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது நம் சென்னைதானாம். 1956-இல் அங்கே ஒரு காசநோய் மையம் தொடங்கி, நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியிலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான வீடுகள், சானடோரியம் அளவுக்குச் சாப்பாடும் இல்லை. ஆனாலும் 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவில்தான். வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. ஒழுங்காகப் போகிற மாத்திரைதான் குணப்படுத்துகிறது. அன்று ராத்திரியே அத்தைக்கு இதைப் போனில் விளக்கினேன். "நம்ம மெட்ராஸிலயா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

அதற்காக ஊருக்கே போகக் கூடாது என்று இல்லை. நடுவில் என் கணவருடைய தங்கச்சி கல்யாணம் வந்தது, போகாமல் எப்படி இருப்பது? நம் ஆட்கள் பலருக்குச் சிகிச்சை அறுந்துபோவது இந்த இடத்தில்தான். நான்கு நாளில் திரும்பலாம் என்று கிளம்புவார்கள், ஒரு மாதம் ஆகிவிடும், கையிலிருக்கும் மாத்திரை தீர்ந்துவிடும். இருமலும் நின்று உடம்பும் கொஞ்சம் தேறியிருப்பதால் யாருக்கும் அவசரம் இருக்காது. அரைகுறையாக விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும், அப்புறம் சிகிச்சையே வேறு.

இதற்கு வழி இருக்கிறது. டிபி என்று பதிவானதும் ஒவ்வொருவருக்கும் நிக்‌ஷய் என்று ஒரு எண் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவு நாடு முழுவதும் ஒன்றுதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஹெல்த் போஸ்ட்டில் சொல்லிவிட்டால் ஊரில் உள்ள மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள், வழிக்கும் சேர்த்து மாத்திரை தருவார்கள். தாதரிலிருந்து சாளுக்யா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போய்ச் சேரும்வரை மாத்திரை என் கைப்பையில்தான் இருந்தது, பெரிய பெட்டியில் வைக்கவில்லை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணைச் சொன்னதும் விவரமெல்லாம் திரையில் வந்தது. மும்பை சீட்டை இங்கே ஏற்பார்களா என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அங்கேயே டிபி கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெரியவரையும் பார்த்தேன். எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று வரிசையாகப் பார்த்து, அவரை உடனே அட்மிட் செய்யச் சொன்னார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இது ஒரு பகுதி என்றார் அங்கிருந்த நர்ஸ்.

நாட்டு மருந்து விஷயத்தில் அத்தையோடு நான் சண்டை போடவில்லை. எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான், மாத்திரைக்குப் பதிலாக எதுவும் கிடையாது. இந்த இரண்டை மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். அவர் அக்கறையெல்லாம் கடைசியில் சத்துமாவாகத் திரும்பியது. ரயில் ஏறும்போது வறுத்து அரைத்த மாவு, நிலக்கடலை, கருவாடு என்று ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார்.

அது வீண் போகவில்லை. டிபியில் சாப்பாடும் மருந்தில் பாதி என்றே நான் சொல்வேன். ஜார்க்கண்டில் டிபி குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. மாதாமாதம் வீட்டாருக்கும் சத்தான உணவுப்பொருள் கொடுத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு உயிர் ஆபத்தும் பெருமளவு குறைந்திருந்தது. 1956-இல் தொடங்கிய அதே சென்னை மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக, இந்த ஆய்விலும் பங்கெடுத்திருக்கிறது. அரசு தருகிற ஊட்டச்சத்துப் பணம் 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். பதிவு செய்யும்போதே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். நான் அதை முட்டைக்கும் பருப்புக்கும் மட்டும் என்று ஒதுக்கினேன். தினம் இரண்டு முட்டை, மத்தியானம் பருப்போ மீனோ, கிடைக்கிற நாளில் முருங்கைக்கீரை. தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் நம் ஊர்ச் சாமான் எல்லாம் கிடைக்கிறது. சுகர் இருந்ததால் சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டினேன்.

தட்டு, தம்ளரை ஒதுக்கி வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தேவையே இல்லை. டிபி காற்றில் பரவுவது, பாத்திரத்தில் இல்லை. இருமும்போது வாயை மூடுவது, முதல் வாரங்களில் மாஸ்க் போடுவது, கதவைத் திறந்து காற்றோட்டம் வைப்பது, மூடி போட்ட டப்பாவில் துப்புவது, இவைதான் முக்கியம். மருந்து சரியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் எங்கள் எல்லோரையும் பரிசோதித்தார்கள். நோய் இல்லை என்று உறுதியான பிறகு பிள்ளைகளுக்கு வராமல் தடுக்கிற மருந்தும் கொடுத்தார்கள்.

உடம்பு தேறத் தேற மனசுதான் அவருக்குச் சோர்ந்தது. பட்டறைக்குப் போக முடியவில்லை, என் கையை எதிர்பார்த்திருக்கிறோம் என்ற நினைப்பு. பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தாயி கவனித்துவிட்டு 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். டெலி மானஸ், மனநலத்துக்கான இலவச எண், தமிழிலும் பேசலாம். முதலில் மறுத்தவர், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் தானே பேசி, உட்கார்ந்து செய்கிற வேலையாக வாங்கிக்கொண்டு வந்தார்.

மாத்திரை முடிந்ததோடு ஹெல்த் போஸ்ட்டை மறந்துவிட வேண்டாம். இரண்டு வருடம் வரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். திரும்ப வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். படி ஏறினால் அவருக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, அதற்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் எங்கள் சந்துக்குப் பின்னால் புதிதாக வந்த ஒரு தென்காசிக் குடும்பத்தில் பையனுக்கு டிபி என்று தெரிந்தது. அவர்களுக்கு இந்தி தெரியாது என்று தாயி என்னைக் கூட்டிப் போனார். பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார்கள். தேதியைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன், அதற்கு முன் அந்தப் பையனின் பதிவை மாற்றி வாங்க வேண்டும்.