திருநீறு பூசிய தேம்பாவணி ஐயா

தேவகோட்டையில் நாம் படித்த கிறிஸ்தவப் பள்ளியில் எனக்குத் தேம்பாவணி என்ற கிறிஸ்தவக் காவியத்தைப் பிடிக்க வைத்தவர், நெற்றி நிறையத் திருநீறோடு வரும் நம் தமிழ் ஐயா. பாடநூலில் இருந்த சில பாடல்கள் அவருக்குப் போதாது. பள்ளி விட்ட பிறகும் எங்களை உட்கார வைத்து அதில் நாட்டு வளம் சொல்லும் நாட்டுப் படலத்தை ராகத்தோடு படிப்பார். பாட்டில், இயேசு பிறந்த யூதேயாவில் வெள்ளம் பெருகும், வயல் விளையும். வெளியே நம் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் கதைக்கு 3615 பாடல்கள் எழுதினார். நாட்டு வளம் பாடித் தொடங்குகிற தமிழ்க் காவிய மரபை அவர் விடவில்லை என்பதில் ஐயாவுக்கு அத்தனை பூரிப்பு!

அப்புறம் கண்ணதாசன். நம் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர், 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதியவர். அவரே 'இயேசு காவியம்' பாடினார். திருச்சியில் உள்ள கத்தோலிக்கக் கலை நிறுவனமான கலைக்காவிரி கேட்டு எழுதியது. 1981இல் அவர் மறைந்த பிறகுதான் புத்தகமாக வந்தது. "தான் கும்பிடாத சாமியைப் பாடினால் பொய்யாகாதா ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். ஐயா கோபப்படவில்லை. "துக்கம் கேட்கப் போன வீட்டில் நமக்கும் அழுகை வருதே, அது பொய்யாப்பா?" என்றார். மதங்களுக்கிடையே எப்படி நடந்துகொள்வது என்று அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். எனக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருக்கிறது.

இங்கே டொரன்டோவில் ஆலய வழிபாட்டில் நம் பிள்ளைகள் கீபோர்டு, கித்தாரோடு உருக்கமாகத்தான் பாடுகிறார்கள். அந்தப் பக்தியில் குறையில்லை. ஆனால் திரையில் ஓடும் வரிகள் பலவும் ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்குள் திணித்த தமிழ். கேட்கும்போது மனம் வலிக்கிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய கதையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் கம்பனிடம் கற்ற விருத்தப் பாக்களில் அதை 'இரட்சணிய யாத்திரிகம்' ஆக்கினார். இடையிடையே வரும் துதிப்பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயர். இப்படி ஒரு சொத்தை வைத்துக்கொண்டு நம் வழிபாட்டில் ஒரு பாட்டுக்கூட அதிலிருந்து எடுக்காமல் இருப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

வரும் தவக்காலத்தில் இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பகுதியை இங்குள்ள இளைஞர்களோடு வாசிக்கப் போகிறோம். அவர்களுக்காகப் பதம் பிரித்து, பெரிய எழுத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். நம்மில் யாராவது ராகத்தோடு படித்துப் பதிவு செய்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.